மடித்துக் கட்டிய முண்டு

நம் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் சனி, ஞாயிறுகளில் மலையேற்றக் குழுக்களோடு போய்வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பை நிறைய ஸ்பிரே, ஐஸ் பாக்கெட், முழங்கால் உறை எல்லாம் கொண்டுபோகிறீர்களாம். தாராளமாகக் கொண்டுபோங்கள். ஆனால் பையைக் கட்டும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். நான் ஓய்வு பெற்றவன், எனக்கு அவசரமில்லை. உங்களுக்கும் அரை மணி நேரம் போனால் குடிமுழுகிவிடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் திருவனந்தபுரத்தில் பிசியோதெரபி என்றால் பாதிப் பேருக்கு என்னவென்றே தெரியாது. ‘கரண்ட் வைக்கிற ஆள்’ என்பார்கள். மீதிப் பேருக்கு நான் எண்ணெய் தேய்த்துவிடும் உழிச்சல்காரன். ஆரியசாலையில் மொத்தக் கடை வைத்திருந்த என் அப்பா, “நாகர்கோவில்லேந்து வந்து இங்க கடை போட்டது, பிள்ள ஊரான் காலப் பிடிக்கதுக்கா?” என்று வருகிற போகிற வியாபாரிகளிடமெல்லாம் கேட்பார். அவர்களும் சிரிப்பார்கள். எனக்கு ரோஷம். ஒருநாள் இந்தக் கை என்ன செய்யும் என்று இவர்களுக்குக் காட்டுகிறேன் என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன். கறுவிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் கண்ணைத் திறந்து வைத்திருக்க மாட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு வாய்ப்பு வந்தது. அடிவாரத்தில் உள்ள கல்லாறு என்ற ஊருக்கு மேலே மலைகள் வழியாக மின்கம்பி கொண்டுபோக வழி அளக்க ஒரு சர்வே கோஷ்டி புறப்பட்டது. இருபத்திரண்டு நாள், தினமும் ஏற்றமும் இறக்கமுமாக நடை. முந்தின வருடம் போன கோஷ்டியில் பாதிப் பேருக்குக் கால் போய், வேலை நடுவில் நின்றுவிட்டது. அதனால் இந்த முறை ‘கால் பார்க்க’ ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டார்கள். யாரும் கேட்கும் முன் நான் கையைத் தூக்கினேன்.

கோஷ்டியில் ஒரு மலையாளி இன்ஜினியர், பன்னிரண்டு தொழிலாளிகள், ஒரு சமையல்காரன், நான். தொழிலாளிகள் அத்தனை பேரும் தற்காலிகம். ஆபீசில் ஒரு பேச்சு உறுதியாக இருந்தது: இருபத்திரண்டு நாளும் ஒரு நாள் விடாமல் நடந்து முடிப்பவர்களின் பெயரை நிரந்தரம் ஆக்குவதற்கு இன்ஜினியர் எழுதி அனுப்புவார். நடுவில் இறங்கிப் போனவன் போனவன்தான்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் செல்லத்துரை. வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்து, பிறகு சர்வே வேலைக்கு வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. ஏழு வருடமும் தற்காலிகம். மனைவியும் இரண்டு பெண்களும் ஊரில். முதல் நாள் கல்லாற்றில் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னான்: “ஆர்டர் கைல கிடைச்சா பிள்ளையள இங்க கூட்டிட்டு வந்திருவேன் சாரே. மூத்தவ என்னய மாமான்னு கூப்பிடுதா. அப்பனையே அடையாளம் தெரியல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் அதை மறக்கவில்லை என்று எழுதினால் பொய். அந்த நேரம் நான் என் எண்ணெய்ப் புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் தவறை முதல் நாளே செய்தேன். அன்று ஒரு முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடைவரை செங்குத்தாக இறங்கினோம். இறங்கி முடித்ததும் இன்ஜினியருக்குத் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டது. நமக்கு வேறென்ன வேண்டும்? வெந்நீர் போட்டு, துண்டை முக்கி ஒற்றடம் கொடுத்து, எண்ணெய் விட்டு, முழங்கையை ஊன்றி அரைமணி நேரம் அழுத்தினேன். அவர் முனகினார். முனகலை நான் எனக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அவரால் வெளிக்குப் போகக் குந்த முடியவில்லை. அடுத்த இறக்கத்தில் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து இறங்கினார்.

“எடோ, நேத்து எனக்கு வலி மாத்ரம் உண்டாயிருந்தது. நீ தொட்ட பிறகு காலே இல்லா,” என்றார். எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னார்.

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் தசை அடிபடுகிறது. ஒவ்வொரு அடியிலும் உடம்பைத் தாங்கித் தாங்கி, உள்ளே நூல்நூலாக அறுபடுகிறது. அடிபட்ட இடத்தை எவனாவது சூடு வைத்து மிதிப்பானா? நான் மிதித்தேன். பிறகு புத்தி வந்து, அவரை ஓடைத் தண்ணீரில் தொடைவரை கால் மணி நேரம் நிற்கவைத்தேன். வெளியே வந்ததும் மூட்டை மேல் கால்களைத் தூக்கிவைத்துப் படுக்கச் சொன்னேன். உப்புப் போட்ட கஞ்சி இரண்டு கிண்ணம். கூடாரத்துக்கு வந்ததும் தொப்பென்று விழாமல் பத்து நிமிடம் சும்மா உலாத்தச் சொன்னேன். கையால் தொட்டது, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, துணி தடவுகிற அழுத்தத்தில் மட்டும். மூன்று நாளில் கால் தேறிவிட்டது. என் மேல் நம்பிக்கை மட்டும் தேறவில்லை. பின்னால் நடந்ததற்கு இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளிகள் கதை வேறு. அவர்கள் என்னைக் காலைத் தொடவே விடவில்லை. “சாரு எங்க காலத் தொடப்படாது, பாவம் கிட்டும்,” என்று பின்வாங்கினார்கள். சரி என்று எண்ணெய்ப் புட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பார்கள். நான் வைத்தியனாகவும் இல்லாமல் எண்ணெய் விற்கும் வாணியனாகவும் இல்லாமல் வெறும் புட்டி கொடுக்கிறவனாக ஆனேன். தினமும் சாயங்காலம் ஒரு பெட்டி மேல் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவேன். ஒவ்வொருவனாக வருவான்.

“கால் வலி உண்டா?”

“இல்ல சாரே.”

பெயருக்கு நேரே ‘ஃபிட்’ என்று எழுதுவேன். அடுத்தவன் வருவான். பன்னிரண்டு பேருக்கும் பத்து நிமிடம் ஆகாது. பகலில் நடக்கும்போதோ, இன்ஜினியரோடு வரிசையின் முன்னால் நடப்பேன். சார் என்றால் முன்னால்தானே நடக்க வேண்டும்?

ஒன்பதாம் நாள் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகி, அவனைக் கல்லாற்றுக்கு இறக்கி அனுப்பிவிட்டோம். அவன் தூக்கிவந்த இரும்பு முளைகளும் அளக்கும் கருவியின் முக்காலியும் யாருக்கு என்ற கேள்வி வந்தது. செல்லத்துரை முன்னால் வந்தான். “சாலைல மூட தூக்குன தலையாக்கும் சாரே. இதெல்லாம் ஒரு பாரமா?” இன்ஜினியர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து மூன்று நாள், இரட்டைப் பாரத்தோடு அவன் இறக்கம் இறங்கினான். மூன்று சாயங்காலமும் என் முன்னால் வந்து நின்று, இல்ல சாரே என்றான். மூன்று நாளும் ஃபிட் என்று எழுதினேன். கையெழுத்து அழகாகவே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, கூடாரத்தைப் பிரிக்கும் நேரம், ஓடைக்கரையிலிருந்து சமையல்காரனின் சத்தம் கேட்டது.

“ஆராக்கும் பாறைல கட்டன்சாயாவக் கொட்டுனது? இருக்கப்பட்ட தேயிலைய வச்சு நான் இங்க பெடாப்பாடு படுதேன், ஒருத்தன் கொட்டிட்டுப் போறான்.”

அவன் என் வயதுக்காரன். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலிலிருந்து வந்தவன். நாக்கு நீளம். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ, “நீ இன்னிக்கு இன்னும் சாயாவே போடல்லியே அண்ணாச்சி,” என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாறைக்குப் போய்ப் பார்த்தேன். வெளிறிய பாறையின் மேல் கறுப்பும் சிவப்புமாக ஒரு கறை வழிந்திருந்தது. சாயா வாசம் இல்லை. படித்த காலத்தில் புத்தகத்தில் ஒரு பத்தி வாசித்திருந்தேன், அவ்வளவுதான். தாங்க முடியாத உழைப்பில் தசை நொறுங்கினால், அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். அப்போது சிறுநீர் இந்த நிறத்தில் போகும். கண்ணால் பார்த்தது அதுவரை கிடையாது. பயந்துபோனேன்.

“ஆரு இங்க வந்தது?” என்று சமையல்காரனிடம் கேட்டேன்.

அவன் சுற்றும் பார்த்தான். பிறகு, “சாரே, ஒண்ணு சொன்னா கோவிக்கப்படாது. செல்லத்துரை ரெண்டு நாளா நின்னுட்டுத்தான் கஞ்சி குடிக்கான். தரைல இருக்க மாட்டேங்கான். குந்த முடியல்ல. வெள்ளமும் குடிக்க மாட்டேங்கான், குடிச்சா ஒண்ணுக்குப் போகக் குந்தணுமே,” என்றான்.

“எங்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல? தினமும் நான் பாக்கேனே?”

“எங்க பாக்கீங்க? நீங்க வாறது கண்டாலே எல்லாவனும் முண்டை எறக்கி விட்டிருவான். பின்ன எப்படி காலு காணும்?”

பன்னிரண்டு நாள். நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வேலை செய்யும்போதும் நடக்கும்போதும் இடுப்பு வேட்டியான முண்டை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்போம். பெரியவர், மேலதிகாரி யாராவது எதிரே வந்தால் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிடுவோம். அது மரியாதை. என் அப்பாவின் முன்னால் நானே ஆயிரம் முறை இறக்கியிருக்கிறேன். கால் பார்க்க வந்த நான், பன்னிரண்டு நாளாக ஒரு தொழிலாளியின் காலைக்கூடப் பார்த்திருக்கவில்லை. அவர்கள் காட்டிய மரியாதையை நோட்டுப் புத்தகத்தில் ஃபிட் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

செல்லத்துரை ஒரு மரத்தில் சாய்ந்து, முக்காலியைத் தோளில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கை தானாக முண்டுக்குப் போனது.

“எறக்காதே. தூக்கு,” என்றேன்.

“ஒண்ணும் இல்ல சாரே. காலு சும்மா கனமா இருக்கு, அம்புட்டுதான்.”

நானே குனிந்து முண்டை விலக்கினேன். தொடை இரண்டும் வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டு நின்றது. விரல் வைத்தேன், கல். அதற்கு மேல் நீலமும் கறுப்புமாகப் பெரிய பெரிய கன்றல்கள். அவை என்னவென்று கேட்டேன். இரண்டு ராத்திரியாகக் கூட இருந்தவர்கள் நான் கொடுத்த எண்ணெயைப் போட்டு முஷ்டியால் குத்திவிட்டார்களாம். வலி போகட்டும் என்று.

மஞ்சள் காமாலையாக இருந்தாலும் சிறுநீர் கறுக்கும். கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். விழி வெள்ளையாகத்தான் இருந்தது, காமாலை இல்லை. நாக்கு காய்ந்திருந்தது. கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாய் என்று கேட்டேன். அந்தப் பாறையில் போனதுதான், அதுவும் நேற்று மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவை என்றான்.

இன்ஜினியரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. மழைக்குப் பயந்த மனிதர்.

“மெதுவா நடத்திக் கூட்டிட்டு வரட்டும். அடுத்த கேம்ப் ரெண்டு மணிக்கூர்தானே. அங்க கிடந்து ரெஸ்ட் எடுக்கட்டும்.”

“ஒரு அடி நடக்கக்கூடாது சார். தூக்கிட்டுப் போகணும். கல்லாற்றுக்கு, அங்கேருந்து ஜீப்புல ஆஸ்பத்திரிக்கு. இன்னிக்கே.”

“கல்லாற்றுக்கு ஆறு மணிக்கூர் இறக்கம். தூக்க எட்டு ஆள் வேணும். வேலை ரெண்டு திவசம் நின்னு போகும். இடவப்பாதி மழ தொடங்கிட்டா எல்லாம் தீர்ந்தது, அறியாமோ? கால் வலிக்கு வேண்டியா இதெல்லாம்?”

“கால் வலி இல்ல சார். கிட்னி.”

“நீ டாக்டராடோ?”

“இல்ல சார்.”

“என் காலை நீ என்ன பண்ணினேன்னு எனக்கு ஓர்மை உண்டு.”

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் ஒருநாள் இது வரும். உங்கள் சொல்லை நம்ப வேண்டியவர் உங்கள் பழைய தவறை எடுத்து முன்னால் வைப்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். உள்ளே எனக்கே சந்தேகம்தான். ஒரு பத்தி வாசித்த படிப்பை வைத்துக்கொண்டு அரசாங்க வேலையை நிறுத்தச் சொல்கிறேன். நான் சொல்வது தப்பு என்றால் இரண்டு நாள் வேலை போகும், என் மானம் போகும். அவர் சொல்வது தப்பு என்றால் செல்லத்துரை போவான். இப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் எனக்குக் குழப்பம் போய்விட்டது.

“எழுதித் தாரேன் சார். என் பொறுப்பு,” என்றேன்.

“எழுது,” என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எல்லாரையும்விட அதிகம் எதிர்த்தவன் செல்லத்துரைதான். மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். “ஏழு வருசம் சாரே. இன்னும் பத்து நாளு. பத்து நாளு கழிச்சு என்னய என்ன வேணும்னாலும் செய்யுங்க. இப்ப எறக்காதீங்க. எம் பேரு போயிரும்.” அழுதான். முப்பது வயது தாண்டிய ஆள், மூட்டை தூக்கி உரமேறிய உடம்பு, பிள்ளை மாதிரி அழுதான்.

“உன் பேருக்கு நான் பொறுப்பு,” என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு பின்வாங்க முடியாது என்று மட்டும் தெரியும்.

இரண்டு மூங்கில் வெட்டினார்கள். கட்டித் தூக்கத் துணி வேண்டும். கூடாரத் துணி கனம், நனைந்தும் இருந்தது. சமையல்காரன்தான் முதலில் தன் முண்டை அவிழ்த்து மூங்கிலில் கட்டினான். அடுத்தடுத்து நாலு பேர் அவிழ்த்தார்கள். மற்றவர்களையும் அவிழ்க்கச் சொன்னேன். துணிக்காக இல்லை. நான் பார்க்க வேண்டியிருந்தது. பத்து பேரும் காக்கி நிக்கரோடு வரிசையாக நின்றார்கள். பன்னிரண்டு நாளில் முதல் முறையாக அந்த இருபது கால்களைப் பார்த்தேன். ஒருவனுக்கு அட்டைக்கடி புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. ஒருவனுக்கு முழங்கால் தேங்காய் அளவு வீங்கியிருந்தது. அந்த இரண்டு பேரையும் இன்ஜினியரோடு நிறுத்திவிட்டு மற்ற எட்டுப் பேரோடு இறங்கினேன். தண்ணீர்ச் செம்போடு சமையல்காரனும் வந்தான்.

அன்று நான் கடைசியில் நடந்தேன். தூக்குகிறவர்களின் கால்கள் கண்ணுக்கு நேராக இருந்தன. குதிகால் தரையில் பதியாமல் சறுக்க ஆரம்பித்தால், முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால், உடனே ஆளை மாற்றினேன். எவனும் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. எவனும் கேட்கவும் மாட்டான், அது தெரிந்துபோயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் செல்லத்துரைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் ஒரு டம்ளர். வேண்டாம் என்று தலையைத் திருப்புவான். சமையல்காரன் தாடையைப் பிடித்துத் திருப்புவான். “குடிடே. ஒனக்கு ஒண்ணுக்கு வந்தா தூக்கிப் பிடிக்க எட்டு ஆளு இருக்கு,” என்றான். அந்த நிலையிலும் செல்லத்துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல்லாற்றில் ஜீப் நின்றது. செல்லத்துரையை ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். ஏறும் முன் சமையல்காரனிடம் சொன்னேன்: தூக்கி வந்த எட்டுப் பேரும் நாளைக் காலை மறுபடி ஏற வேண்டும். ஆற்றில் தொடைவரை கால் மணி நேரம். பிறகு காலைத் தூக்கி வைத்துப் படுக்கை. கஞ்சி, உப்பு, நாலு பழம். ஒருத்தன் காலை ஒருத்தன் குத்தக்கூடாது. எண்ணெய்ப் புட்டியை ஆற்றில் எறி. “அத நான் அப்பமே எறிஞ்சாச்சு சாரே,” என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிறுநீர்ச் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உடனே டிரிப் போடச் சொன்னார். போட்ட பிறகு என்னைத் தனியே அழைத்து, நடத்திக் கூட்டிவந்திருந்தால் சிறுநீரகம் நின்றிருக்கும் என்றார். நான் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை கல்லாற்றுக்குத் திரும்பியபோது எட்டுப் பேரும் ஆற்றில் நின்றிருந்தார்கள், முண்டை இடுப்புவரை சுருட்டி. ஏறினோம். ஒருவனும் பின்தங்கவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து நோட்டுப் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பேன்ட்டைக் கழற்றி, சமையல்காரனிடம் ஒரு முண்டு வாங்கி, மடித்துக் கட்டி, முதல் ஆளாக நானே ஓடையில் இறங்கி நின்றேன். என் கால் ஒல்லி. “சாருக்க காலு கொக்குக் காலாக்கும்,” என்று அவன் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். மடித்துக் கட்டிய சாருக்கு முன்னால் மடித்துக் கட்டி நிற்பதில் குற்றமில்லை என்று ஆகிவிட்டது. தினமும் அந்தக் கால் மணி நேரத்தில் எல்லாக் கால்களையும் பார்த்துவிடுவேன். மீதி நாட்களில் ஒருவனையும் கீழே இறக்கவில்லை. மழை தொடங்கும் முன் வேலை முடிந்தது. இன்ஜினியர் கடைசி நாள் தானும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் வந்து நின்றார்.

ஆனால் அவர் அனுப்பிய பட்டியலில் செல்லத்துரை பெயர் இல்லை. விதி அது, முடிக்காதவன் முடிக்காதவன்தான் என்றார்.

இப்போது என் அறிக்கை பாக்கி. எங்கள் பிரிவில் எனக்கு மூத்தவர் ஒருவர், என் மேல் பிரியம் உள்ளவர், “திடீர்னு உடம்புக்கு வந்ததுன்னு எழுதிக் கொடுத்துரும் ஓய். யாருக்கும் சேதமில்லை,” என்றார். யாருக்கும் என்றால் எனக்கு என்று அர்த்தம். திடீர் நோய் என்றால் அது அவன் தலையெழுத்து, பெயர் போனது போனதுதான். வேலையில் இருக்கும்போது, கோஷ்டியின் கவனக்குறைவால் வந்த கேடு என்றால் அவன் படுத்துக்கிடந்த நாட்களும் நடந்த நாட்களாகக் கணக்காகும். விதிப் புத்தகத்தை மூன்று முறை வாசித்தேன். வேறு வழியே இல்லை. கவனக்குறைவு யாருடையது என்று ஒரு பெயர் எழுத வேண்டும்.

ஒரு நாள் முழுக்கப் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். அப்பாவின் கடையில் சிரிக்கப்போகிறவர்களின் முகமெல்லாம் வந்து போயிற்று. பிறகு எழுதினேன். ‘காலைப் பார்க்காமலே தகுதி என்று எழுதினேன். தவறு என்னுடையது.’ அதோடு அந்த நோட்டுப் புத்தகத்தையும் வைத்து அனுப்பினேன்.

மெமோ வந்தது. விசாரணை வந்தது. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. கசந்தது. கசக்கவில்லை என்று சொல்கிற அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை. செல்லத்துரையின் ஃபைல் மேசை மேசையாக அலைந்தது. நான் பின்னாலேயே அலைந்தேன். இன்ஜினியரும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் நோயாளிகள், கூட வந்தவர்கள். டாக்டர்கள் கடந்து போகும்போது ஆண்களெல்லாம் எழுந்து முண்டை இறக்கி விடுவார்கள், எப்போதும் போல. நடுவில் ஒருவன் மட்டும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய முண்டோடு நிமிர்ந்து நின்றான். பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட இரண்டு பெண் குழந்தைகளும் அவர்கள் அம்மாவும். அவன் சட்டைப் பையில் ஆர்டர் காகிதம் துருத்திக்கொண்டிருந்தது.

அட்டெண்டர் அதட்டினான். “எடோ, சாரு வரும்போ முண்டு தாழ்த்தெடோ.”

செல்லத்துரை அசையவில்லை. “தாழ்த்த மாட்டேன் அண்ணாச்சி. இந்தச் சாரு மொதல்ல காலப் பாக்கணும்,” என்றான்.

நான் வராந்தாவிலேயே குந்தி உட்கார்ந்து, இரண்டு காலையும் பார்த்தேன்.